பினேடாவின் பாட்டா, கெய்னின் பாட்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான ஜர்னியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நண்பர்கள் சேர்ந்து 2008இல் வந்த ‘ரெவலேஷன்’ தொகுப்பிலிருந்து ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ பாட்டைப் போட்டுக் கேட்டோம். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. புதிய பாடகர் ஆர்னல் பினேடா பழைய பாடகர் ஸ்டீவ் பெரியை அப்படியே போலி செய்கிறார், பாட்டும் பெரி பாடிய ‘ஃபெய்த்ஃபுலி’யின் நகல்தான் என்கிறது ஒரு கட்சி. கண்ணை மூடிக் கேட்டால் பெரியே பாடுவதுபோல இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறது மறு கட்சி. நடுவில் ஒருவர், யாரோ மேடைக்கு எதிரே நின்று செல்போனில் எடுத்த காணொளியை அனுப்பி, “பாருங்கள், மேலே போகும்போது திணறுகிறார்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பழைய பாடகரையும் புதியவரையும் நியாயமாக ஒப்பிட வழி உண்டா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் இரு கட்சியும் கேட்பது ஒரே கேள்வி: பெரி மாதிரி இருக்கிறதா, இல்லையா? அதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மெட்டு யார் தொண்டையை மனதில் வைத்துப் போட்டது என்று கேட்டுப் பாருங்கள். சண்டை பாதி அடங்கிவிடும்.

‘ஃபெய்த்ஃபுலி’யை (1983) எழுதியவர் கீபோர்ட் வாசிக்கும் ஜொனாதன் கெய்ன். ‘ஆஃப்டர் ஆல் தீஸ் இயர்ஸ்’ எழுதியவரும் அவரே. ‘ஓபன் ஆர்ம்ஸ்’ (1981) அவரும் பெரியும் சேர்ந்து எழுதியது. ஆக, நகல் என்று வழக்குப் போடுவதானால் பிரதிவாதி கெய்ன்தான். பியானோவில் தொடங்கி, முதல் சரணத்தைக் குரலுக்கும் பியானோவுக்கும் விட்டு, பிறகு டிரம்ஸைச் சேர்த்து, நீல் ஷானின் கிடாரை நடுவில் பாடவிட்டு, கடைசிப் பல்லவியில் குரலை உச்சிக்கு ஏற்றுவது அவருடைய கைப்பழக்கம். அந்தப் பழக்கம் பெரியின் குரலோடு சேர்ந்து வளர்ந்தது. புதிய பாடகர் வந்ததும் எழுதுபவரின் கை மாறிவிடாது. பாடகர் மாறிய குழுக்களின் பாலட்கள் (மெதுவான, உருக்கமான பாட்டுகள்) பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ஒப்பிட எடுத்த பாட்டும் சரியில்லை. ‘ஃபெய்த்ஃபுலி’ இருக்கும் ‘ஃப்ரன்டியர்ஸ்’ தொகுப்பின் தயாரிப்பாளர்கள் மைக் ஸ்டோனும் கெவின் எல்சனும். ‘ரெவலேஷன்’ கெவின் ஷிர்லியின் தயாரிப்பு. இடையில் 25 வருடம். பெரிக்கு அப்போது 34 வயது, பினேடாவுக்கு 2008இல் 40. ஒலிப்பதிவு முறையே வேறு. இவ்வளவு வித்தியாசத்தையும் குரலின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இதைவிட நல்ல ஒப்பீடு ஒன்று உண்டு. ‘வென் யூ லவ் எ உமன்’ (1996) பெரி பாடியது. ‘ஆல் த வே’ (2001) அடுத்து வந்த ஸ்டீவ் ஆஜெரி பாடியது. மூன்றாவது உங்கள் பாட்டு. மூன்றும் பாலட், மூன்று தொகுப்புக்கும் தயாரிப்பாளர் ஷிர்லி, மூன்றிலும் ஷானும் கெய்னும் உண்டு. மாறியது பெரும்பாலும் குரல்தான். (அதில் 1996இன் பாட்டில் தந்தி வாத்தியக் கூட்டம் உண்டு, அது குரலுக்குக் கீழே மெத்தைபோட்டுத் தாங்கும், அந்த உதவியைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு சோதனை இதைவிடக் கறாரானது. ‘ஃபெய்த் இன் த ஹார்ட்லேண்ட்’ என்ற பாட்டை 2005இல் ‘ஜெனரேஷன்ஸ்’ தொகுப்பில் ஆஜெரி பாடினார். அதே பாட்டை ‘ரெவலேஷ’னில் பினேடா மறுபடி பாடியிருக்கிறார். பாலட் இல்லை, தயாரிப்பாளரும் வேறு. ஆனாலும் ஒரே மெட்டு, ஒரே சொற்கள், இரண்டு தொண்டை. உங்கள் நண்பர்கள் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கும்போது முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். எண்பதுகளின் குறுந்தட்டை விட 2008 காலத்துத் தட்டுகள் பொதுவாக உரக்கப் பதிந்தவை. சற்று உரக்க ஒலிப்பது காதுக்கு நல்லதாகவே படும். சில நிமிடம் கழித்து அதுவே அலுப்பூட்டும். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவைச் சமமாக்கும் வசதி வழக்கமாக இயங்கிக்கொண்டிருக்கும், அணைத்து வைத்திருந்தால் போடுங்கள். யூடியூபை நம்பாதீர்கள். அது உரத்த பாட்டை இறக்கும், மெல்லிய பாட்டை ஏற்றாது. குரலும் பியானோவும் மட்டும் இருக்கும் முதல் சரணத்தை வைத்துச் சத்தத்தைச் சரிசெய்யுங்கள். எல்லா வாத்தியமும் முழங்கும் பல்லவியை வைத்துச் செய்தால் கணக்கு தப்பும்.

அடுத்து ஆர்மோனியமோ கீபோர்டு செயலியோ எடுத்துச் சுருதியைப் பிடியுங்கள். ‘ஃபெய்த்ஃபுலி’ 7 கட்டை, ‘ஓபன் ஆர்ம்ஸ்’ 2 கட்டை, ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ 3 கட்டை. ஆனால் கட்டையை மட்டும் வைத்துப் பாட்டு கடினம், எளிது என்று சொல்ல முடியாது. பாடகர் எந்தச் சுரத்தில் நீட்டி நிற்கிறார் என்பதுதான் விஷயம். டெனார் எனும் உயர்ந்த ஆண்குரலுக்கு நடு சி-க்கு மேலே உள்ள ஈ முதல் ஜி வரையிலான சுரங்கள்தான் இக்கட்டான இடம். மார்புக் குரல் தலைக் குரலுக்கு மாறும் எல்லை அது. அதைத் தொட்டுவிட்டு ஓடுவது சுலபம். அங்கேயே வரிக்கு வரி உட்கார்ந்திருப்பதுதான் தொண்டையை வாங்கும். ஒரு காகிதத்தில் நீட்டும் சுரங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், மெட்டு எந்தக் குரலுக்கு அளவெடுத்தது என்று தெரிந்துவிடும்.

நீட்டும் உயிரெழுத்தையும் பாருங்கள், ரசிகர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ‘ஓபன் ஆர்ம்ஸ்’ தலைப்பில் நீட்டுவது ‘ஆ’. வாய் திறந்திருக்கும், மேல் ஸ்தாயியில் குரல் தாராளமாக வரும். ‘ஃபெய்த்ஃபுலி’ ‘இ’யில் முடிகிறது. உயரத்தில் ‘ஈ’ குறுகிப் பிழியும். வாயைச் சற்று அகட்டி ‘இ’க்கும் ‘எ’க்கும் நடுவே வைத்தால்தான் தாங்கும். ‘இயர்ஸ்’ இன்னும் மோசம்: ‘ஈ’யில் ஏறி, ரகரத்தில் மங்கி, கடைசியில் சீறல். ரகரத்துக்குச் சீக்கிரம் போனால் குரல் அடைபடும், கடைசி வரை போகாவிட்டால் சொல் புரியாது. தலைப்பையே பல்லவியில் வைத்து, அதில் இப்படியொரு சொல்லைக் கொடுத்த பிறகு பாடகரைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

போலி செய்கிறாரா? பெரியின் பாணிக்கு வேர் அமெரிக்க சோல் பாடகர் சாம் குக்கிடம் இருக்கிறது. வரியின் கடைசிச் சொல்லை உடைத்து, வளைத்து, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இறக்குவார். உயரம் அவருடைய கையெழுத்து அல்ல, அந்த இறக்கம்தான். மணிலாவிலும் ஹாங்காங்கிலும் வருடக்கணக்கில் மற்றவர்கள் பாட்டை மேடையில் பாடிய பினேடா, 2007இல் ஷான் யூடியூபில் பார்த்து அழைத்ததால் வந்தவர். தட்டில் இருக்கும் வளைவை அப்படியே பாடிக்காட்டுவது அந்தத் தொழிலின் நிபந்தனை. புதிய பாட்டில் பார்த்துப் பாட அசல் கிடையாது. என் காதுக்கு முதல் சரணத்தில் கேட்பது பினேடாவின் சொந்தக் குரல், சற்றுக் கடினமான விளிம்போடு. கடைசிப் பல்லவியில் மெட்டே அவரைப் பழைய பாதைக்குத் தள்ளிவிடுகிறது. பாடகர் தேறிவிட்டார், பாட்டு சுமார். அமெரிக்காவின் பில்போர்டு இதழின் ‘அடல்ட் கன்டெம்பரரி’ பாடல் பட்டியலில் 9ஆம் இடம் வரை போன பாட்டு என்பதும் உண்மைதான்.

ஒப்பிடச் சொல்லித் தூண்டியதும் குழுவேதான். ‘ரெவலேஷன்’ பெட்டியிலேயே இரண்டாவது தட்டாக, பழைய வெற்றிப் பாடல்கள் 11ஐப் பினேடாவின் குரலில் மறுபதிவு செய்து வைத்தார்கள். பரீட்சைத் தாளையும் விடைத்தாளையும் சேர்த்து விற்றுவிட்டு, ரசிகன் திருத்த உட்காரக் கூடாது என்றால் எப்படி? அசல் ஜர்னி என்றால் ஸ்டீவ் பெரிதான் என்போருக்கு ஒன்று: பெரி வருவதற்கு முன் 1975 முதல் 1977 வரை மூன்று தொகுப்பு வந்தாயிற்று, பெரும்பாலும் கிரெக் ரோலி பாடியவை. பெரியும் பாதியில் வந்தவரே.

செல்போன் காணொளிக்கு வருவோம். முன்வரிசையில் நிற்பவரின் போனில் பதிவது பெரும்பாலும் டிரம்ஸ், கிடார் ஆம்ப், பக்கத்தில் கத்துபவர். குரல் ஒலிபெருக்கி வழியாகத் தலைக்கு மேலே போய்விடும். போன் தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்குவதால், பாடகர் உரக்கப் பாடும் கணத்தில் குரல் நசுங்கித் திணறுவதுபோலக் கேட்கும். காப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கச் சிலர் சுருதியையோ வேகத்தையோ மாற்றியும் ஏற்றுவார்கள். கீபோர்டில் சரிபாருங்கள். 7 கட்டைப் பாட்டு 6½இல் இருந்து, பேச்சும் வேகமும் இயல்பாக இருந்தால், குழுவே அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறது என்று பொருள்; நீண்ட சுற்றுப்பயணத்தில் அது சகஜம், குற்றமில்லை.

உச்ச சுரத்தை விட்டுவிட்டு, தாழ்ந்த சரணத்தில் மூச்சு எங்கே உடைகிறது என்று கேளுங்கள். தட்டில் ஒரே மூச்சில் வரும் வரி மேடையில் இரண்டாக வெட்டுப்பட்டால் பாடகர் களைத்திருக்கிறார். பல்லவியின் உச்சியில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாலும் அதுவாக இருக்கலாம். ஒரே சுற்றுப்பயணத்தின் மூன்று வெவ்வேறு இரவுகளில் இதே நடந்தால் உங்கள் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். ஒரு காணொளியை வைத்து ஏற்க மாட்டேன்.