வாசகர் கேள்வி–பதில்: உப்புக் கிணறும் நானோ தூளும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், உலோக ஆக்சைடு நானோ பொருட்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 4200. டைட்டானியம் நானோ தூள் பூசிய வடிகட்டியைப் பொருத்தினால், ஆர்.ஓ. இல்லாமலேயே இது நல்ல தண்ணீராகிவிடும் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார். இரண்டு கம்பிகள் உள்ள ஒரு கருவியை எங்கள் தண்ணீரில் வைத்தார். சற்று நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பு நிறமானது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. வாங்கலாமா?
— வாசகி, ஏர்வாடி

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்தக் கம்பி வித்தையைப் பார்த்துவிடுவோம். கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. நீங்கள் கண்ட செம்பழுப்பு நிறம் கிணற்றில் இருந்த அழுக்கு அன்று, கம்பியிலிருந்து வந்த இரும்பு ஹைட்ராக்சைடு. அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் பாயவில்லை, துருவும் வரவில்லை. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை மீண்டும் வைக்கச் சொல்லியிருந்தால் அதுவும் அதே நிறத்துக்கு வந்திருக்கும்.

இனி வடிகட்டிக்கு வருவோம். டைட்டானியம் டை ஆக்சைடு ஓர் ஒளிவினையூக்கி. புற ஊதாக் கதிர் பட்டால் அதன் பரப்பில் ஹைட்ராக்சில் என்னும் மிகத் தீவிரமான மூலக்கூறுத் துண்டுகள் உண்டாகின்றன. அவை சாயம், பூச்சிக்கொல்லி, நுண்ணுயிர் போன்ற கரிமப் பொருட்களைச் சிதைக்கின்றன. சமையல் உப்பில் சிதைப்பதற்கு ஒன்றும் இல்லை. சோடியமும் குளோரைடும் தண்ணீரில் ஏற்கெனவே தனித்தனி அயனிகளாகப் பிரிந்துதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, குளோரைடும் பைகார்பனேட்டும் அந்த ஹைட்ராக்சிலைத் தாமே விழுங்கிவிடுவதால், உப்புத் தண்ணீரில் இத்தூள் தன் சொந்த வேலையையே மந்தமாகத்தான் செய்யும்.

சிதைக்காவிட்டாலும் பரப்பில் ஒட்டவைத்துப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் கேன் ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினால் அதில் 84 கிராம் உப்புகள் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதாக வகுத்துள்ள 500 என்ற அளவுக்குக் கொண்டுவர, அதில் 74 கிராமை எடுத்தாக வேண்டும். ஒரு கிராம் ஆக்சைடு 50 மில்லிகிராமைப் பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் (டைட்டானியம் டை ஆக்சைடு உப்பை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை) ஒரே ஒரு கேனுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தூள் தேவைப்படும். மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் கலந்த கிணறுகளின் கதை வேறு. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருக்கும் தண்ணீரில், ஒரு கேனில் எடுக்க வேண்டியது மொத்தம் ஒரு மில்லிகிராம்தான். அதனால்தான் இரும்பு ஆக்சைடு வகைகள் அங்கே வெற்றி பெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய ஆர்செனிக் நீக்கும் முறை இந்த வழியில் வந்ததே. தண்ணீரில் துளியளவே இருக்கும் நஞ்சைப் பிடிப்பதற்கு நானோ ஆக்சைடு ஏற்றது. கைநிறைய அள்ளிப் போட்டதுபோல் கரைந்திருக்கும் உப்புக்கு ஆர்.ஓ. சவ்வுதான் வழி. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் பல 2000 டி.டி.எஸ். வரைக்குமே தாங்கும் என்பதால், 4200க்கு உரிய இயந்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கழிவாக வெளியேறும் உப்பு நீரை எங்கே விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலோர மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் மொண்டெடுக்கும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. மழைநீர் எடை குறைந்தது என்பதால் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்த ஒரு மீட்டரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், கீழேயிருக்கும் உப்பு நீர் மேலேறி வந்துவிடும். கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாமா என்ற யோசனை இருந்தால், அதையும் கைவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, டைட்டானியம் டை ஆக்சைடு ஆய்வகத்தை விட்டு ஏன் வெளியே வரவில்லை? நானோ அளவில் இருப்பதால் என்ன பயன்?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: நானோ என்பதன் பயன் பரப்பில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வருவது ஒரு நானோமீட்டர். 25 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக இருந்தால், ஒரே ஒரு கிராம் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 60 சதுர மீட்டர் பரப்பு உண்டு. ஒன்றரை சென்ட் மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். வினை நடப்பது பரப்பில்தான் என்பதால், துகள் சிறுக்கச் சிறுக்க வேலை பெருகுகிறது.

ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது 1972இல். 1977இல் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் இதே பொருளைக் கொண்டு தண்ணீரிலிருந்த சயனைடைச் சிதைத்தனர். ஆக, அடிப்படை அறிவியலுக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. தடை ஒளியில் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகைப் படிகத்தில் எலக்ட்ரானைக் கிளப்ப 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அலைநீளம் 387 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளிக்குத்தான் அந்த ஆற்றல் இருக்கிறது. நம்மை வாட்டும் வெயிலில் புற ஊதாக் கதிரின் பங்கு ஆற்றல் கணக்கில் நான்கைந்து சதவீதமே. டங்ஸ்டன் ஆக்சைடு நீல ஒளியையும் உறிஞ்சும். ஆனால் அதன் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு எளிதில் சேர்வதில்லை என்பதால் வினை மந்தமாகிவிடுகிறது.

அடுத்த தடை, தூளைத் திரும்ப எடுப்பது. தண்ணீரில் கலந்துவிட்டால் அவ்வளவு நுண்ணிய துகளை வடிப்பது பெரும்பாடு. கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசி ஒட்டிவிட்டால், மேலே சொன்ன பரப்பில் பெரும்பகுதி அடைபட்டுப்போகிறது. கிருமிகளைக் கொல்வது மட்டுமே நோக்கம் என்றால், கலங்கல் இல்லாத தண்ணீரைத் தெளிந்த பெட் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தும் முறை தூள் எதுவும் இல்லாமலே வேலை செய்கிறது. அது உப்பைக் குறைக்காது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரணியில் பாசி படர்ந்திருக்கிறது. துத்தநாக ஆக்சைடு நானோ தூளைத் தூவலாமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: கூடாது. துத்தநாக ஆக்சைடு தண்ணீரில் சிறிதளவு கரைந்து துத்தநாக அயனியை விடுகிறது. அது பாசியோடு மற்ற நீர்வாழ் உயிர்களையும் தாக்கும். ஊரணி நிரம்பிக் கடலுக்கு வழிந்தால் நஞ்சு அங்கும் போய்ச் சேரும். தூர் வாருவதும், ஊரணிக்குள் சாக்கடை வந்து சேரும் வழியை அடைப்பதுமே போதும்.

கேள்வி: ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மோனியா கசிவைக் காட்ட வைத்திருக்கும் கருவி, கடல்காற்று ஈரமாக அடிக்கும் நாட்களில் கசிவே இல்லாமல் அலறுகிறது. ஏமாற்றுக் கருவியா?
— வாசகர், மண்டபம்

பதில்: ஏமாற்று அன்று; அதன் இயல்பே அதுதான். விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் வெள்ளீய டை ஆக்சைடு உணரியே இருக்கும். ஜப்பானின் தகுச்சி 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தின் வாரிசுகள் இவை. சமையல் எரிவாயுக் கசிவுக்கு வீடுகளில் மாட்டுபவையும் இதே குடும்பந்தான். உள்ளே ஒரு சிறு சூடேற்றி ஆக்சைடை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்திருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் பரப்பில் ஒட்டி, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்தடை உயர்ந்து நிற்கிறது. அம்மோனியா வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. மின்தடை சரிகிறது, மணி அடிக்கிறது. படிகத் துகள் ஆறு நானோமீட்டருக்கும் குறைந்தால் உணர்திறன் சட்டென்று ஏறுவதை யமசோயே குழுவினர் 1991இல் காட்டினர்; அந்த அளவில் துகள் முழுவதுமே பரப்பின் ஆட்சிக்குள் வந்துவிடுகிறது.

நீராவியும் இதே பரப்பில் வந்து ஒட்டி, ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து மின்தடையைக் குறைக்கிறது. கருவிக்கு அம்மோனியாவும் ஈரமும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பெயின்ட், சாராய ஆவி, வாகனப் புகை ஆகியவற்றுக்கும் அது அலறும். ஆகவே உங்கள் கூடத்து ஈரப்பதத்திலேயே அளவுத்திருத்தம் செய்யச் சொல்லுங்கள். இரவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், ஏனெனில் ஆறிப்போன உணரி மீண்டும் நிலைகொள்ள வெகுநேரம் பிடிக்கும். வலைமூடியில் படியும் உப்புப் பொருக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். அருகில் சிலிக்கோன் பசை பயன்படுத்தினால் உணரி நிரந்தரமாகச் செத்துவிடக்கூடும். ஆட்கள் தங்கி வேலை செய்யும் கூடத்துக்கு, செலவைப் பாராமல் மின்வேதியியல் வகைக் கருவி ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல்வேன். எட்டு மணி நேர வேலைக்கு, காற்றில் இருக்கும் அம்மோனியாவுக்கு அமெரிக்கப் பணிநல நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 25 பங்கு. 300 பங்கு உடனடி ஆபத்து. அடிக்கடி வீணாக அடிக்கிறதே என்று வெறுத்துப்போய் யாரோ ஒருவர் ஒயரைப் பிடுங்கிவிடுவதுதான் இந்தக் கருவிகளின் வழக்கமான முடிவு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

படகின் மீன் அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். அழுகிய மீனிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் மூக்கு மரத்துப்போவதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி உள்ளே இறங்குவது உயிருக்கு ஆபத்து. மூடிகளைத் திறந்து, விசிறி வைத்துக் காற்றோட்டம் செய்த பிறகே இறங்க வேண்டும்.

கேள்வி: மீன் பழசா புதுசா என்று சொல்லும் வாயு உணரி வந்துவிட்டதாமே?
— மீன் வியாபாரி, தொண்டி

பதில்: ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. கடல்மீனின் உடலில் இருக்கும் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடை, மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. மீன் கெட்டுவிட்டதை மூக்குக்குச் சொல்வது அந்த வாயுதான். வெள்ளீயம், துத்தநாகம், டங்ஸ்டன் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அதை நன்றாக உணர்கின்றன. ஆனால் ஏலக்கூடத்தின் ஈரக்காற்றும், பக்கத்தில் காயும் கருவாடும், மண்டபத்து ஐஸ் கம்பெனிக்காரருக்கு வந்த அதே தொல்லையை உங்களுக்கும் தரும். கெண்டை, கட்லா போன்ற நன்னீர் மீன்களில் மூலப்பொருளான அந்த ஆக்சைடு மிகக் குறைவு என்பதால், அவை கெட்டிருந்தாலும் கருவி பேசாமல் இருக்கக்கூடும். இப்போதைக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.