தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காதது ஏன்?

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட என் மனைவிக்கு, ஐந்து வாரங்களுக்கு முன் பெருங்குடலை அகற்றி, சிறுகுடலின் முனையை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து பை பொருத்தியிருக்கிறார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் நாவறட்சி தீரவில்லை. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் மனைவிக்குத் தண்ணீரோடு உப்பும் குறைந்திருக்கலாம். நீரையும் சோடியத்தையும் உறிஞ்சி உடலுக்குத் திருப்பித் தரும் பெருங்குடல் இப்போது இல்லாததால், வெறும் தண்ணீரை அதிகமாகக் குடிக்கக் குடிக்க, அது உடலில் இருக்கும் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பைக்குப் போய்விடக்கூடும். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் வியர்வை வேறு.

ஆகவே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்து, மடமடவென்று குடிக்காமல் நாள் முழுதும் சிறிது சிறிதாகப் பருகச் சொல்லுங்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் உதவும். இளநீர் போதாதா என்பீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலிசெய்து, அளவுக் குவளையில் அளந்து எழுதிவையுங்கள். ஒரு நாளில் 1.5 லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து எழும்போது தலை சுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பையில் எதுவும் வராமல் வயிறு உப்பி வலித்தால் அது அடைப்பாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம் ஆகியவை இப்போதைக்கு வேண்டாம்.