கண் இல்லாத உண்ணி, காணாமல் போன பேரினம்

மலைப்பாம்பின் செதிலுக்கு அடியில் எடுத்த உண்ணிக்குக் கண் தெரியவில்லை, பழைய இனங்காட்டியில் (அடையாளங்களை வைத்துப் படிப்படியாக இனத்தைக் கண்டறியும் வழிகாட்டியில்) அப்போனொம்மா என்று வருகிறது, புதிய பட்டியலில் அந்தப் பேரினமே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது சரிதான், பெயர்தான் மாறிவிட்டது. கண் இல்லாததை வைத்தே அப்போனொம்மாவைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். அந்த ஒற்றை அடையாளம் உறவுமுறையைக் காட்டவில்லை என்று தெரிந்த பிறகு, பெரும்பாலான இனங்கள் ஆம்பிலியோம்மா என்ற பேரினத்துக்குள் போயின. ஆஸ்திரேலியப் பகுதி இனங்கள் சில 2002-இல் போத்ரியோகுரோட்டான் என்ற பேரினமாயின. 2018-இல் இன்னும் இரண்டு பேரினங்கள் பிரிந்தன. நியூசிலாந்தின் ஊர்வனவான டுவாட்டாராவின் உண்ணி அதில் ஒன்று.

அதனால் கண்ணை விட்டுவிட்டு, குதக் காடியை, அதாவது குதத்தை ஒட்டி வளையும் பள்ளக் கோட்டைப் பாருங்கள். குதத்துக்கு முன்னால் வளைந்தால் இக்ஸோடஸ் பேரினம், பின்னால் என்றால் மற்றவை. அப்புறம் முதுகு ஓடு: முதுகு முழுவதும் மூடினால் ஆண், முன்பகுதி மட்டும் என்றால் பெண் அல்லது இன்னும் முதிராதது. ஆறு கால்தான் இருக்கிறதென்றால் அது இளவுயிரி, பெரியவற்றுக்கான இனங்காட்டி அதற்கு உதவாது. இரத்தம் குடித்து உப்பிய பெண்ணை வைத்து உடல் வடிவத்தை விவரிக்காதீர்கள், முதுகு ஓட்டையும் வாயுறுப்பையும் மட்டும் நம்புங்கள்.

உங்கள் படத்தில் வாயுறுப்பு ஒடிந்திருக்கிறது. அதிலுள்ள பல் வரிசையை எண்ணாமல் இனத்தை உறுதிசெய்வது கஷ்டம். அடுத்த முறை நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக, நேராக இழுங்கள். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலின் வேண்டாம், 95 சதவீத எத்தனாலில் போடுங்கள்.