மாதம் இரண்டு முறை புகை அடித்தால் டெங்கு வராதா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது. கொசுத் தொல்லை என்று புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. ஒருவர், வீட்டுக்கு 300 ரூபாய் கொடுத்தால் மாதம் இரண்டு முறை புகை அடித்து, 'டெங்கு இல்லாத வளாகம்' என்று சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்தாலும், சுகாதார ஆய்வாளர் உங்கள் தொட்டியில் புழுவைப் பார்த்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இரண்டு புகைக்கு நடுவே ஒரு புதுக் கூட்டமே கிளம்பிவிடும். டெங்கு கொசு பெரும்பாலும் சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணியில் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறோம்! அப்புறம் அந்த மெஷினில் டீசலோடு என்ன மருந்து, எவ்வளவு கலக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வெறும் டீசல் புகைக்குப் பணம் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் தொட்டியில் ஊற்றச் சொல்லி 'அபேட்' என்று ஒரு கொசுப்புழு மருந்து பாட்டிலையும் விற்பார்கள். வாங்காதீர்கள். குடிநீர்த் தொட்டியில் அதை அளவு தெரிந்த பணியாளர்தான் ஊற்ற வேண்டும்.

இப்போது உங்களுக்கு வேண்டியது, நோய் வந்த வீட்டுக்குள்ளும் சுற்றியுள்ள வீடுகளிலும் மருந்து தெளிப்பது. அதைச் சுகாதாரத் துறை இலவசமாகச் செய்ய வேண்டும். 'கொசுத் தொல்லை' என்று மட்டும் எழுதினால் அந்த மனு மலையோடு மலையாகக் கிடக்கும். குழந்தைகளின் பரிசோதனை அறிக்கை நகலோடு, 'டெங்கு உறுதியான வீடு' என்று முகவரி போட்டுச் சுகாதார ஆய்வாளரிடம் நேரில் கொடுங்கள். டெங்குவை மருத்துவமனையே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் நீங்களும் கொடுத்து வையுங்கள்.

மற்றபடி வேலை உங்கள் கையில்தான். வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீடுதான் பெரிய தலைவலி. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். பால்கனித் தட்டில் மழைநீர், திறந்த கம்மோடில் தண்ணீர். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வந்து, நோட்டில் 'பூட்டு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தினக்கூலிக்கு வரும் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் 1939-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அதன்படி சுகாதார அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்க்கலாம்; உரிமையாளர் செய்யாவிட்டால் தாங்களே செய்து செலவை வசூலிக்கலாம். இவ்வளவு அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு அதிகாரிகள் புகை வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் யாரிடம் சொல்ல? எனவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கி, இரண்டு பேர் சேர்ந்து திறந்து தண்ணீரைக் கொட்டி, கம்மோடு மூடியைச் சாத்திவிட்டு வாருங்கள். அவர் மறுத்தால் அந்தப் பதிலையும் சேர்த்துச் சுகாதார ஆய்வாளருக்கு எழுதுங்கள். சங்கம் பூட்டை உடைக்கக் கூடாது.

வீட்டுக்கு 300 என்றால் 7,200 ரூபாய் ஆகிறது. அதில் மேல்நிலைத் தொட்டிக்குச் சரியான மூடியும், தண்ணீர் வழியும் குழாய் வாய்க்கு வலையும் வாங்கிப் போடுங்கள். மிச்சமிருந்தால் வாராவாரம் கழுவ வரும் ஆளுக்குக் கூலியாகும்.