பான்ஷீ உயிரைப் பறிப்பவளா?

கேள்வி: எல்லைக்கு அப்பால் மலையாளத்தார் 'காலன்கோழி' என்றழைக்கும் ஆந்தை கூவினால் சாவு விழும் என்று எங்கள் ஊரிலும் அஞ்சுவார்கள். அயர்லாந்தின் 'பான்ஷீ' என்னும் பெண் ஆவியும் அவ்வாறு சாவைக் கொண்டுவருபவளா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: இல்லை, அவள் முன்கூட்டியே ஒப்பாரி வைப்பவள், அவ்வளவே. பெயர் 'ஓ' அல்லது 'மக்' என்று தொடங்கும் பழங்குடும்பங்களையே அவள் தொடர்வாள் என்பதும், அக்குடும்பத்தார் ஒருவர் கடல்கடந்த நாட்டில் இறக்கவிருந்தாலும் பூர்வீக வீட்டருகே அவள் அழுகுரல் கேட்கும் என்பதும் ஐரிஷ் மக்களின் நம்பிக்கை. வேல்ஸ் நாட்டிலோ, சவ ஊர்வலம் செல்லவிருக்கும் வழியில் முன்னதாகவே ஒரு சிற்றொளி நகருமாம். எனக்கு இவற்றினும் வியப்பளிப்பது பிரான்சின் பிரித்தானிப் பகுதி: அங்கே ஒரு தேவாலயப் பங்கு வட்டாரத்தில் ஆண்டின் கடைசியாக இறப்பவரே, மறு ஆண்டு முழுவதும் 'அங்கூ' என்னும் மரணத் தூதராகி, கிறீச்சிடும் வண்டியில் இறந்தோரை ஏற்றிச் செல்லும் பணியை மேற்கொள்ள வேண்டும் என்பர்.