யாருடைய உடம்புக்கு எழுதிய அட்டவணை?

அன்புள்ள ஐயா,

நான் உப்புவெளியில் வசிக்கிறேன். இரண்டு வருடங்களாக நகரத்தில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று நாளுக்கு ஓர் உறுப்பாக மாஸ்டர் அட்டவணை தந்திருக்கிறார். 8 முதல் 12 முறை தூக்கினால்தான் தசை வளரும், முடித்து அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் குடிக்க வேண்டும், குந்தும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டக்கூடாது என்பார். காணொளிகளில் இவையெல்லாம் பிழை என்கிறார்கள். நாளைக்கு இதையும் பிழை என்பார்களா? என் நண்பன் தசை வளர்க்கும் ஊசி போடத் தொடங்கி, மூன்று மாதத்தில் என்னை முந்திவிட்டான். வீட்டிலோ இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்கிறார்கள். யாரை நம்புவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

வீட்டார் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கரைவலை இழுப்பவனுடையதுதான் உழைத்த உடம்பு, ஜிம்மில் வளர்த்தது வெறும் காட்சிப் பொருள் என்று நம் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கரைவலை இழுப்பவர்களை அருகில் நின்று பாருங்கள். கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதிகாலை மணலில் புதைத்துப் பின்புறமாகவே நடப்பார்கள். எவ்வளவு பாரம் என்பதை அன்றைய கடல் தீர்மானிக்கிறது. நாரி பிடித்துக்கொண்டாலும் வலையைப் பாதியில் விட முடியாது. ஜிம்மில் பாரத்தை நீங்களே தெரிவு செய்கிறீர்கள், வலித்தால் கீழே வைக்கிறீர்கள். அது பெரிய வசதி. அழகாக இருக்க ஆசைப்படுவதும் குற்றமல்ல.

இனி ஆலோசனைகள். காணொளிகளில் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் கூடிய எடையை 8 முதல் 12 முறையும், மற்றவர்கள் குறைந்த எடையை 20 முதல் 25 முறையும் இனி முடியாது என்னும் வரை தூக்கினார்கள். 2016இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினருக்கும் தசை ஏறத்தாழ ஒரேயளவு வளர்ந்தது. புரதத்திலும் அரை மணி நேரக் கணக்கைவிட நாளின் மொத்த அளவே முக்கியம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் என்பது 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட அளவு. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். சமைத்த சூரை மீன் 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை, பருப்பு, நெத்தலி எல்லாம் நம் வீட்டுச் சமையலில் இருப்பவைதான். கடற்கரையில் வாழ்ந்துகொண்டு புரதத் தூள் டப்பாவுக்காக ஓர் இளைஞன் கடன்படுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முழங்கால் பற்றிய பயம் பெரும்பாலும் 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. ஆழமாகக் குந்தினால் மூட்டு தளரும் என்றார் அவர். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. முழங்காலை முன்னே வரவிடாமல் தடுத்தால் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் மாறுகிறது. நிலத்தில் குந்தியிருந்து மீன் வெட்டும் பெண்களைக் கவனியுங்கள்: பாதம் முழுதாகப் பதிந்திருக்கும், முழங்கால் விரல்களைக் கடந்து முன்னே நிற்கும்.

அதற்காக மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். பால்மாத் தகரத்தில் சீமெந்தை ஊற்றி, இரும்புக் குழாயில் கோத்துத் தூக்கிய தலைமுறையின் வழியில் வந்தவர்கள் நம் ஊர் மாஸ்டர்கள். கைக்குக் கிடைத்த அறிவை மறைக்காமல் தந்தார்கள். அடிப்படையும் மாறிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம், பலம் கூடக்கூட எடையையும் கூட்டும் முறையை 1945இல் எழுதினார். முதலில் 70 முதல் 100 முறை வரை தூக்க வைத்தவர், 1948இல் அதை 10 முறை கொண்ட 3 செட்டாகக் குறைத்தார். எண்ணிக்கையை அவரே மாற்றிக்கொண்டார். எடையைப் படிப்படியாகக் கூட்டுவது இன்றுவரை நிற்கிறது. நாளைக்கும் எண்ணிக்கைகள் மாறும், அதைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

நான் கலங்குவது வேறொன்றுக்காக. தசையை வளர்க்கும் ஸ்டெராய்ட் மருந்தான டயனபோல் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1958இல். மிஸ்டர் ஒலிம்பியா என்னும் உடற்கட்டுப் போட்டி தொடங்கியது 1965இல். ஏழு முறை அந்தப் பட்டம் வென்ற ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகர் தாம் ஸ்டெராய்ட் எடுத்ததைப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் நம் ஜிம் சுவர்களுக்கு வந்து சேர்ந்தவை படங்களும் பயிற்சி அட்டவணைகளும் மட்டும்தான். 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஒரு பகுதியினருக்கு 10 வாரங்கள் கூடிய அளவில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹோர்மோனை ஏற்றினார்கள். எடையே தூக்காமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை ஏறத்தாழ 3.2 கிலோ கூடியது. ஊசியின்றி ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கோ 1.9 கிலோதான். இதை ஒவ்வொரு ஜிம்மிலும் எழுதி ஒட்ட வேண்டும். ஊசி போட்ட உடம்பு எந்த அட்டவணையிலும் வளரும். ஆகவே அந்த உடம்பைக் காட்டி ஓர் அட்டவணையைச் சரியென்று நிறுவ முடியாது. ஊசி போட்ட உடம்பா என்ற கேள்வி காணொளியில் பேசுபவருக்கும் பொருந்தும். உங்கள் நோட்டில் போன மாதத்து எடையையும் இந்த மாதத்து எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நண்பனின் கையோடு உங்கள் கையை ஒப்பிட வேண்டாம். ஒரே நாளில் நெஞ்சுக்குப் போடும் 12 செட்டை வாரத்தில் இரு நாட்களாகப் பிரித்துச் செய்து பார்க்கவும் மாஸ்டரிடம் கேளுங்கள்.

நண்பனோடு சண்டை பிடிக்காதீர்கள். வெளியிலிருந்து ஹோர்மோன் வரும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது, விந்தணு குறைகிறது. ஊசியை விட்ட பிறகும் மீள மாதக் கணக்கில் ஆகலாம். இரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும், இதயத் தசை தடிக்கும். ஒரே ஊசியைப் பலர் பாவிப்பது இன்னும் பெரிய ஆபத்து. என்ன போட்டான், எவ்வளவு போட்டான் என்பதை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லி, இரத்தக் கொழுப்பு, ஈரல், ஹோர்மோன் பரிசோதனைகளை அவன் செய்துகொள்ள வேண்டும். தனியே போகக் கூச்சப்பட்டால் நீங்கள் கூடப் போங்கள்.