அமெரிக்காவில் என் வயல் மட்டும் பாழானால் கவுண்டி மானியம் வருமா?

வராது. பயிர் வருவாய் குறைந்தால் விவசாயிக்கு ஈடு தரும் ஏஆர்சி திட்டத்தின் கவுண்டிப் பிரிவில் அரசு பார்ப்பது உங்கள் வயலை அல்ல, உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) சராசரி வருவாயை. பலரும் குழம்புவது இங்கேதான்.

ஐந்து ஆண்டு விளைச்சல், விலை இரண்டிலும் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அந்த இரண்டையும் பெருக்கினால் வருவது ஏக்கருக்கு 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2018 வேளாண் சட்டப்படி அதில் 86 சதவீதம் உத்தரவாதமாக இருந்தது. 2025 சட்டம் அதை 90 ஆக்கியது. அதாவது 720 டாலர். கவுண்டியின் உண்மையான வருவாய் 670 என்றால் 50 டாலர் குறைகிறது, அந்தக் குறைவைத்தான் அரசு தரும். அதுவும் உங்கள் 'பேஸ் ஏக்கரில்' 85 சதவீதத்துக்கு மட்டும். 100 ஏக்கருக்கு 4,250 டாலர் வரும்.

பேஸ் ஏக்கர் என்பது முன்பு விதைத்த கணக்கை வைத்துப் பதிவான பரப்பு. மக்காச்சோளப் பதிவு உள்ள நிலத்தில் இன்று சோயா போட்டாலும் மக்காச்சோளக் கணக்கில்தான் பணம். அதுவும் உடனே வராது, அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் 1-க்குப் பிறகுதான்.

ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துப்போட்டு, மற்றவர்கள் நன்றாக அறுத்து, விலையும் சரியாமல் இருந்தால் இந்தக் கவுண்டிப் பிரிவில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. சின்ன விவசாயிக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்த இழப்புக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி. பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசே கட்டுகிறது. அப்புறம், கவுண்டியிலுள்ள எஃப்எஸ்ஏ (அரசின் விவசாயச் சேவை முகமை) அலுவலகத்துக்குப் போய் உங்கள் பேஸ் ஏக்கர் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.